கோப்பியை அழைத்துவரப் போனவர்

பொம்மி செத்துப்போய் ஐந்து மாதமாகியும் வசந்தன் அதை மஜீதிடம் சொல்லவில்லை. மலாக்காவின் தங்கா பத்து ஊரில் மஜீதின் மளிகைக் கடையில் அரிசி வாங்கும்போதெல்லாம் பொம்மிக்கென்று இரண்டு கிலோ நொய்யும் சேர்த்து வாங்குவது பல வருடப் பழக்கம். மஜீது கேட்காமலே நொய்யைக் கட்டி வைத்துவிடுவார். வேண்டாம் என்றால் ஏன் என்பார். ஏன் என்றால் சொல்ல வேண்டும். சொன்னால் கடையில் நாலு பேர் நடுவே கண் கலங்கும். அதற்குப் பயந்தே வசந்தன் ஒவ்வொரு முறையும் அந்தப் பையை வாங்கிக்கொண்டு வந்தார். சமையலறை மூலையில் பைகள் சேர்ந்துகொண்டே போயின.

அவருக்கு அறுபத்தொன்பது வயது. ஜாசின் பக்கத்துத் தோட்டங்களில் செம்பனைக் குலை ஏற்றும் லோரியை இருபத்திரண்டு வருடம் ஓட்டியவர். தோட்ட வேலை குறைந்ததும் சுங்கை ஊடாங்கில் ஒரு குத்தகைக்காரரிடம் ஆள் ஏற்றும் வேன் ஓட்டி, அறுபத்தைந்தில் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வீட்டில் உட்கார்ந்தார். மனைவி திலகா போய் ஆறு வருடமாகிறது. ஒரே மகள் திவ்யதர்ஷினி ஜொகூரில் இருக்கிறாள். தினமும் விடியுமுன் பாலம் தாண்டிச் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய், இருட்டிய பிறகு வீடு திரும்புகிறவள்.

பொம்மி உண்மையில் திலகாவின் நாய். கோயிலுக்குப் போன இடத்தில் சாக்கடையில் விழுந்து கத்திக்கொண்டிருந்த குட்டியை, முந்தானையில் சுற்றி எடுத்து வந்து வளர்த்தாள். திலகா படுக்கையில் விழுந்தபோது பொம்மி கட்டிலுக்கடியிலேயே கிடந்தது. அவளை எடுத்துப் போன பிறகு இரண்டு நாள் எதையும் தின்னவில்லை. மூன்றாம் நாள் காலையில் எழுந்து வந்து வசந்தனின் காலடியில் படுத்துக்கொண்டது. அன்றிலிருந்து அது அவருடைய நாய்.

பதினான்காம் வயதில் பொம்மிக்குச் சிறுநீரகம் கெட்டுப்போனது. டாக்டர் தன்மையான பெண். இன்றைக்கே ஊசி போட்டு அனுப்பிவிடலாம், வலி தெரியாமல் போய்விடும் என்றாள். வசந்தன் நாளைக்கு என்றார். மறுநாளும் நாளைக்கு என்றார். மூன்றாம் நாள் பிற்பகல், அது கொஞ்சம் தண்ணீர் குடித்ததைப் பார்த்து நம்பிக்கை வந்து, பால்மாவு வாங்கக் கடைக்குப் போனார். இருபது நிமிடம்கூட ஆகியிருக்காது. திரும்பியபோது பொம்மி வாசல் கேட்டருகே கிடந்தது. நிற்கவே முடியாமலிருந்த நாய், கூடத்திலிருந்து அவ்வளவு தூரம் தன்னை இழுத்துக்கொண்டு வந்து, கம்பிக்கு வெளியே மூக்கை நீட்டிச் செத்திருந்தது. தன்னைத் தேடித்தான் வந்தது என்பதில் வசந்தனுக்குச் சந்தேகமே இல்லை. ஊசி போட்டிருந்தால் தன் மடியில் போயிருக்கும். தன்னுடைய கோழைத்தனத்தால் தனியாகப் போனது.

இனி நாயே வேண்டாம் என்று அன்றைக்கு முடிவு செய்தார்.

மகள் விடவில்லை. வாரம் ஒரு குட்டியின் படம் கைப்பேசிக்கு வந்தது. தனியாக இருக்கிற வீட்டில் உயிருள்ள ஒன்று நடமாட வேண்டாமா என்று கேட்டாள். அவர் அவளுக்குத் தன் வயதைச் சொன்னார். இப்போது ஒரு குட்டியை எடுத்தால் அதற்குப் பத்து வயதாகும்போது தனக்கு எண்பது ஆகும். யார் யாருக்குக் கஞ்சி ஊற்றுவது என்றார். அவள் சிரிப்பாள். அவர் பேச்சை மாற்றுவார்.

இந்த நிலையில்தான் முனுசாமி கூப்பிட்டார். ஒரு எட்டு வந்துவிட்டுப் போ என்று மட்டும் சொன்னார்.

வசந்தன் லோரி ஓட்டிய காலமெல்லாம் குலை ஏற்றியவர் முனுசாமி. வசந்தனைவிட ஆறு வயது மூத்தவர், கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஒருமுறை மழையில் லோரி ஓடையோரம் சரிந்தபோது, தான் குதித்துத் தப்பாமல் வசந்தனை முதலில் வெளியே தள்ளிவிட்டவர். அதில் உடைந்த தோள் இன்றுவரை சரியாகவில்லை. அதைப் பற்றி அவர் ஒரு நாளும் பேசியதில்லை. தோட்டம் கைமாறி வீட்டுமனைகளாகப் போகிறது. தொழிலாளர் வீடுகள் வரிசையாக இருந்த மேல் லயத்தை இரண்டு வருடத்துக்கு முன்பே காலி செய்துவிட்டார்கள். மிச்சமிருந்த கீழ் லயத்தில் ஐந்து வீடுகளில்தான் ஆள் இருந்தது. அதில் ஒன்று முனுசாமியுடையது.

வசந்தன் போனபோது அவர் வலது காலைத் துணியில் சுற்றி ஸ்டூல் மேல் நீட்டியிருந்தார். இனிப்புநீர் நோய் அந்தக் காலைத் தின்றுகொண்டிருந்தது. முட்டிக்குக் கீழே எடுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். எடுத்த பிறகு தனியாக இருக்க முடியாது. மலாக்காவில் கோயில்காரர்கள் நடத்தும் முதியோர் இல்லத்தில் இடம் கேட்டு வைத்திருக்கிறார். இதையெல்லாம் அவர் வேறு யாருடைய காலையோ பற்றிச் சொல்வதுபோலச் சொன்னார். அப்புறம் வாசலைக் காட்டினார்.

அங்கே கோப்பி படுத்திருந்தது. நல்ல கடும் கோப்பி நிறத்தில் ஒல்லியான நாய், ஐந்து வயது. ஒரு காது மடிந்து தொங்கும். பெயர் சொன்னதும் எழுந்து வந்து வசந்தனின் சப்பாத்தின் மேல் தாடையை வைத்தது. வசந்தன் காலை மெல்ல இழுத்துக்கொண்டார்.

"இல்லத்துல நாய சேக்க மாட்டாங்க," என்றார் முனுசாமி. "இங்க உள்ளவங்களும் ஃபிளாட்டுக்குப் போறாங்க. அங்கயும் நாய் கூடாது. நீ எடுத்துக்கிறியா, வசந்தா?"

கேள்வி வருமென்று வசந்தனுக்குத் தெரிந்தே இருந்தது. வரும் வழியெல்லாம் பதிலைத் தயார் செய்துகொண்டுதான் வந்திருந்தார்.

"என்னால முடியாதுண்ணே. பொம்மி போனதுலருந்தே நான் இன்னும் எழுந்திருக்கல. எனக்கு எழுபது ஆகப்போகுது. நான் முந்திட்டா இது தெருவுல நிக்கும். இது முந்திட்டா நான் மறுபடியும் அந்தக் கேட்டாண்ட உக்காந்து கெடக்கணும். ரெண்டுக்கும் எனக்குத் தெம்பில்ல."

முனுசாமி வற்புறுத்தவில்லை. "சரிலா. கேட்டுப் பாத்தேன்," என்றார்.

பிறகு ஒரு விஷயம் சொன்னார். மேல் லயம் காலியானபோது ஜனங்கள் பதினொரு நாய்களை விட்டுவிட்டுப் போனார்களாம். அவை தினமும் சாயங்காலம், வேலை முடிந்து லோரி வரும் நேரத்துக்குச் சரியாக முச்சந்தியில் வந்து உட்காரும். லோரி வராது. இருட்டும் வரை இருந்துவிட்டுப் போகும். முனுசாமி முடிந்தவரை சோறு போட்டார். அவை எலும்பும் தோலுமாகி, ஒன்றையொன்று கடித்துக்கொண்டன. கடைசியில் நாய் பிடிக்கிறவர்கள் வந்து கம்பிச் சுருக்குப் போட்டு இழுத்துப் போனார்கள். "கோப்பிய அப்படி மட்டும் விட மாட்டேன்," என்றார். யாரையாவது தேடிக் கண்டுபிடித்துவிடுவார் என்பதாகத்தான் வசந்தன் அதைப் புரிந்துகொண்டார்.

மூன்று வாரம் போனது. இந்நேரம் யாராவது எடுத்திருப்பார்கள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். நாயைப் பார்த்ததை மகளிடம்கூடச் சொல்லவில்லை. ஆனால் காலை இழுத்துக்கொண்டது மட்டும் மனதில் கிடந்து உறுத்தியது. அந்த நாய் கோபித்துக்கொள்ளவில்லை. ஏதோ தப்புச் செய்துவிட்டதுபோல ஓரடி தள்ளிப் போய் உட்கார்ந்தது.

ஒரு திங்கட்கிழமை மஜீதின் கடைக்குப் போனார். அரிசியைக் கட்டிவிட்டு மஜீது நொய்ப் பையைக் கையில் எடுத்தார். ஆனால் கொடுக்காமல் கொஞ்ச நேரம் வைத்துக்கொண்டிருந்தார்.

"பொம்மி போயிருச்சுன்னு எனக்கு அப்பவே தெரியும்ணே," என்றார். "நீங்களா சொல்லட்டும்னு இருந்தேன். நீங்க வாங்குறத நிறுத்தல. சரி, வாங்கணும்போல இருக்கு, வாங்கட்டும்னு நானும் கட்டிக் கட்டிக் குடுத்தேன். இன்னிக்கும் கட்டவா?"

வசந்தன் பயந்துகொண்டிருந்த அந்த நாலு பேர் யாரும் அப்போது கடையில் இல்லை. அவர் எண்ணெய் டின் மேல் உட்கார்ந்து அழுதார். மஜீது கல்லாவிலிருந்து எழுந்து வந்து பக்கத்தில் நின்றார்.

அழுது முடித்ததும் வசந்தன் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "கட்டுங்க," என்றார்.

வீட்டுக்கு வந்து முதல் வேலையாக முனுசாமிக்குப் போன் செய்தார். அடித்துக்கொண்டே இருந்தது. சாயங்காலமும் செய்தார். செவ்வாய்க்கிழமை அடிக்கக்கூட இல்லை. அவர் என்றைக்குத்தான் போனைக் கவனித்தார் என்று விட்டுவிட்டார். நேரிலேயே போய்ச் சொல்லலாம். அந்த முகம் மலர்வதைப் பார்க்கலாம் என்ற ஆசையும் இருந்தது. அதற்குள் செய்ய வேண்டிய வேலையும் இருந்தது. பொம்மி பெரிய உடம்பு, கோப்பியோ ஒல்லி. கேட்டுக் கம்பிகளுக்கு நடுவே நுழைந்து சாலைக்கு ஓடிவிடும். செவ்வாய் பிற்பகல் வலைக்கம்பி வாங்கி வந்து, புதனும் வியாழனும் உட்கார்ந்து கேட்டின் அடிப்பாகத்தில் கட்டினார். முட்டி வலியால் அரைமணிக்கொருமுறை எழுந்து நடக்க வேண்டியிருந்தது. ஆள் வைத்திருந்தால் ஒரு மணி நேர வேலை. ஆனால் தன் கையால் செய்ய வேண்டும் என்றிருந்தது. ஐந்து மாதத்தில் முதல் தடவையாக, வேலை செய்தபடி ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்ததை அவரே கவனித்தார்.

வெள்ளிக்கிழமை காலை புதுக் கழுத்துப்பட்டையும் சங்கிலியும் காரின் முன்சீட்டில் வைத்துக்கொண்டு ஜாசினுக்குப் புறப்பட்டார்.

முனுசாமி வீட்டுக் கதவு பூட்டியிருந்தது. அடுத்த வீட்டுக் கருப்பாயி துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். செம்பனைக்கு முன் ரப்பர்ப் பால்மரம் இருந்த காலத்திலிருந்து அந்த லயத்தில் இருப்பவள். வசந்தனின் கையிலிருந்த சங்கிலியைப் பார்த்ததும், பிழிந்துகொண்டிருந்த துணியை அப்படியே வாளியில் போட்டுவிட்டாள்.

காலில் நாற்றம் ஏறிவிட்டதாம். புதன்கிழமை கிளினிக்கிலிருந்து வந்தவர்கள் பார்த்துவிட்டு, குறித்த நாளுக்குக் காத்திருக்க வேண்டாம், மறுநாளே ஆஸ்பத்திரியில் சேர வேண்டும் என்று சொல்லிவிட்டார்களாம். நேற்றுக் காலை வேன் வந்து ஏற்றிப் போனதாம்.

"கோப்பி எங்கம்மா?" என்றார் வசந்தன்.

கருப்பாயி ஈரக் கையைச் சேலையில் துடைத்தாள். துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"முந்தாநேத்து மத்தியானம் அவரே டவுனுக்குக் கொண்டுபோயி ஊசி போட்டுட்டு வந்தாருண்ணே. எங்க வீட்டுக்காரர்தான் காருல கூட்டிப் போனாரு. யார் யாரையோ கேட்டாரு. யாரும் எடுத்துக்கல. எங்களாலயும் முடியல."

"நான் போன் பண்ணினேனேம்மா."

"அந்தப் போனு கெட்டுப் போச்சேண்ணே. சார்ஜ் ஏறல."

வீட்டுக்குப் பின்னால் ஜம்பு மரத்தடியில் மண் புதிதாகக் குவிந்திருந்தது. நாய் தோண்டாமலிருக்க மேலே ஒரு பழைய தகரத்தை வைத்து நாலு கல்லைத் தூக்கி வைத்திருந்தார்கள். கருப்பாயியின் கணவர் குழி வெட்டியபோது முனுசாமி அந்தக் காலோடு கடைசி வரை நின்றுகொண்டே இருந்தாராம். உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லையாம். வசந்தன் மண்ணருகே குந்தினார். முந்தாநாள் மத்தியானம் தான் என்ன செய்துகொண்டிருந்தோம் என்று நினைத்துப் பார்த்தார். கேட்டில் வலைக்கம்பியைக் கட்டிக்கொண்டிருந்தார். அப்புறம் அவரால் எழ முடியவில்லை. கருப்பாயி வந்து கையைக் கொடுத்துத் தூக்க வேண்டியிருந்தது.

காரில் ஏறுமுன் அவளிடம் ஒன்று கேட்டுக்கொண்டார். "நான் எதுக்கு வந்தேன்னு அவர்கிட்ட சொல்லாதம்மா. நான் வந்ததையே சொல்ல வேணாம்."

அவள் தலையசைத்தாள். கடைசிவரை சொல்லவும் இல்லை.

காலை எடுத்த நான்காம் நாள் வசந்தன் ஆஸ்பத்திரிக்குப் போனார். முனுசாமி பாதி ஆளாகச் சுருங்கியிருந்தார். போர்வை வலப்பக்கம் திடீரென்று தட்டையாக முடிந்தது. அந்த இடத்தைப் பார்க்காமல் இருக்க வசந்தன் முயன்றார். ஆரஞ்சுப்பழத்தை உரித்துக் கொடுத்தார். இரண்டு சுளைக்கு மேல் முனுசாமிக்கு இறங்கவில்லை. காலைப் பற்றி அவர் பேசவே இல்லை. கொஞ்ச நேரம் கழித்து கோப்பியைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார்.

அதற்குக் கார் என்றால் உயிராம். வழி முழுக்க ஜன்னலில் தலையை நீட்டிக்கொண்டு வந்ததாம். நல்ல நாயை ஏன் என்று டாக்டர் முதலில் மாட்டேன் என்றாராம். மேல் லயத்து நாய்களின் கதையைச் சொன்ன பிறகுதான் ஊசியை எடுத்தாராம். முனுசாமி அதன் தலையைத் தன் மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டாராம். ஊசி ஏறும் வரை அது அவர் கையை நக்கிக்கொண்டிருந்ததாம்.

"நக்குறத நிறுத்தினப்பத்தான் போயிருச்சுன்னு தெரிஞ்சுது," என்றார்.

வசந்தன் உரித்த பழத்தோலைச் சிறு சிறு துண்டாகக் கிழித்துக்கொண்டிருந்தார்.

"கண்ண மூடினா அதான் வருது, வசந்தா. நான் அவசரப்பட்டுட்டேனோன்னு இருக்கு. நாலு நாள் கருப்பாயி வீட்டுல கட்டிப் போட்டிருந்தா, யாராச்சும் வந்திருப்பாங்களோ?" முனுசாமி தலையைத் திருப்பி அவர் முகத்தைப் பார்த்தார். "சொல்லு. வந்திருப்பாங்களா?"

வார்டில் தட்டுகளை அடுக்கும் சத்தம் கேட்டது. வசந்தன் பழத்தோலைப் பைக்குள் போட்டார்.

"யாரும் வந்திருக்க மாட்டாங்கண்ணே," என்றார். "நீங்க செஞ்சதுதான் சரி."

"நெசமாவா?"

"நெசமாத்தான்."

முனுசாமி நீண்ட மூச்சு விட்டு மேலே பார்த்தார். சிறிது நேரத்தில் கண்ணை மூடினார். சேர்ந்ததிலிருந்து அவர் தூங்கவே இல்லை, இப்போதுதான் தூங்குகிறார் என்று அந்தப் பக்கமாக வந்த தாதி சொன்னாள். வசந்தன் இன்னும் ஒரு மணி நேரம் அங்கேயே இருந்துவிட்டு எழுந்து போனார். கார் நிறுத்துமிடத்தில் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். பின்னால் யாரோ இடத்துக்காகக் காத்திருந்து ஹார்ன் அடித்த பிறகுதான் வண்டியை எடுத்தார்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் இல்லத்துக்குப் போக ஆரம்பித்தார். முனுசாமி சக்கர நாற்காலிக்குப் பழகினார். இடது கன்னம் மட்டும் ஒழுங்காகச் சவரம் செய்யப்பட்டிருக்கும். வலது பக்கத்தை வசந்தன் போய்ச் சரி செய்வார். உடைந்த தோளால் கை அந்தப் பக்கம் எட்டாது.

தீபாவளிக்கு வந்த திவ்யதர்ஷினி கேட்டில் வலைக்கம்பியைப் பார்த்தாள். அப்பா மனம் மாறிவிட்டார் என்று நினைத்துக்கொண்டாள். தோழி வீட்டில் ஒரு நாய் ஆறு குட்டி போட்டிருக்கிறது, அடுத்த வாரமே ஒன்றைக் கொண்டு வருகிறேன் என்று படத்தை எடுத்துக் காட்டினாள். குட்டி அழகாகத்தான் இருந்தது. வசந்தன் அதை வெகுநேரம் பார்த்தார். பிறகு கைப்பேசியை அவளிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு, நடந்ததையெல்லாம் முதலிலிருந்து சொன்னார். வேறு யாரிடமும் அவர் அதைச் சொல்லியிருக்கவில்லை.

அவள் அழுதாள். "அதுக்காக நீங்க உங்களையே தண்டிச்சுக்கணுமா, அப்பா?"

"தண்டனை இல்லம்மா," என்றார் வசந்தன். "வேணும்போலத்தான் இருக்கு. இப்பத்தான் ரொம்ப வேணும்போல இருக்கு. ஆனா ஒரு நாய எடுத்தா என் சட்டையில முடி ஒட்டியிருக்கும். என் மேல அந்த வாடை இருக்கும். ஞாயித்துக்கிழமை அவருக்குச் சவரம் பண்ண குனியுறப்ப அவருக்குத் தெரிஞ்சுரும். இவன் எடுத்துக்கிற ஆளாத்தான் இருந்திருக்கான், நாம ரெண்டு நாள் பொறுத்திருக்கலாம்னு நெனைப்பாரு. அப்புறம் அவரு தூங்க மாட்டாரு."

"அவருக்கு அப்புறம்?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"அவரு நல்லா இருக்கட்டும்மா. சக்கரை கட்டுக்குள்ள இருக்குன்னு சொல்றாங்க. இன்னும் பத்து வருஷம் இருப்பாரு."

அந்தப் பத்து வருடம் கழித்துத் தனக்கு என்ன வயது என்று அவர் சொல்லவில்லை. அவள் படத்தை அழித்துவிட்டு, எழுந்து போய் அவருக்குத் தோசை ஊற்றினாள்.

தை பிறந்த பிறகு ஒரு ஞாயிறு. இல்லத்து வாசலில் தெருநாய் ஒன்று குப்பையைக் கிளறிக்கொண்டிருந்தது. சவரம் முடிந்து முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்த முனுசாமி அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"வீட்டுல தனியாத்தான் இருக்க. ஒன்னு எடுத்து வளத்துக்கலாம்ல?" என்று கேட்டார்.

"இல்லண்ணே. எனக்கு நாய் ஆசையே விட்டுப் போச்சு," என்றார் வசந்தன்.

"ஆமா," என்றார் முனுசாமி. "அன்னிக்கே சொன்ன."

வெயில் ஏறிக்கொண்டிருந்தது. வசந்தன் துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு, நாற்காலியின் பிரேக்கை எடுத்துவிட்டு, அவரை நிழல் இருந்த பக்கமாகத் தள்ளிக்கொண்டு போனார்.